கிடையை விட்டுப் போனவன்

பாகூர்,
5 மார்ச் 1934

சேசு மரி சூசை துணை.

ரோசம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் சூசைநாதன் எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நம் ஆட்டுக் கிடை கோயிலுக்குப் போகப்போகிறது. பொய் இல்லை ரோசா, சத்தியம்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து இரண்டாவது ஞாயிறு நல்ல ஆயன் ஞாயிறு அல்லவா? அன்றைக்கு நிஜமான ஆடுகளோடு ஊர் சுற்றி வந்து, கோயில் வாசலில் மந்திரித்து ஆசீர்வதிக்கவேண்டும் என்று நம் பங்குச் சாமியார் முடிவு செய்துவிட்டார். பிரான்சிலிருந்து அவருக்கு ஒரு படம் வந்திருக்கிறது. அதில் ஆயன் ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறார். மந்தை முழுதும் பின்னால் வருகிறது. அந்தப் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, இது நீதான் என்றார். படத்தில் இருப்பவருக்குத் தாடி இருக்கிறது, நானும் வளர்க்கத் தொடங்கிவிட்டேன்.

பண்ணையார் மணவாளன் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே போனேன். ஆடுகள் அவருடையவை, நாம் குட்டியில் பங்குக்கு மேய்க்கிறவர்கள். அவரோ, சாமி காரியம் எந்தச் சாமியாக இருந்தால் என்ன, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். இராத்திரிக் கிடை மட்டும் தவறக்கூடாதாம். அறுப்பு முடிந்த வயல் ஒவ்வொன்றிலும் ஆட்டை அடைத்து உரம் ஏற்றினால்தான் அடுத்த போகம் அவருக்கு நெல் நிற்கும். இப்போது ஏரிக்குக் கிழக்கே அடைத்திருக்கிறோம். நரிக்குட்டிகள் ஊளையிடுகின்றன. வெள்ளைக்காலி இரட்டைக் குட்டி போட்டிருக்கிறாள், இரண்டும் பெட்டை, ஒன்றுக்கு நெற்றியில் சுழி. தாய் ஒரு குட்டிக்குத்தான் பால் விடுகிறாள், மற்றதற்கு நான் பிடித்துக் கொடுக்கிறேன்.

உன் கோபம் இந்நேரம் ஆறியிருக்கும். திருநாளுக்கு முன்பே வந்துவிடு.

பிள்ளை அருளப்பன் நலமா?

சூசைநாதன்


வில்லியனூர்,
9 மார்ச் 1934

சேசு மரி சூசை துணை. இப்படி எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. மாதாவுக்குப் பேறுகாலம் வந்தபோது சூசையப்பர் கூடவே இருந்தார். ஒரு மாட்டுக்கொட்டிலாவது தேடிக் கொடுத்தார். அந்தப் பேரை வைத்துக்கொண்டு எனக்கு வாய்த்தவர் அன்றைக்கு எங்கே இருந்தார்?

மாமா, உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்ததற்கு இந்த மாதிரிக் கடிதம் படிப்பதுதான் பலன் என்று தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைக்காலிக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள், பெற்ற பிள்ளைக்கு ஒரே வரி. அதுவும் கடைசியில்.

கோபம் ஆறியிருக்கும் என்று எப்படி எழுதினீர்கள்? ஐப்பசி அடைமழையில் வாசலில் தண்ணீர் ஏறி நிற்கிறது, எனக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காலியைக் காணோம் என்று கிளம்பிப் போனீர்கள். ஏரிக்கரை வரைக்கும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றீர்கள். பக்கத்து வீட்டு வேலம்மாள் ஓடி வராவிட்டால் நானும் இல்லை, உங்கள் பிள்ளையும் இல்லை. மழைவிட்டு வெயில் அடித்தபிறகு ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றீர்களே, உங்கள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன? "கெடச்சிட்சி ரோசா." என் மடியில் கிடந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் போய்ச் சாமியாரிடம் பெருமை அடித்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளையோடு நான் முதல் முதலாகப் பூசைக்கு வந்த அன்று, பிரசங்கத்தில் உங்களை எழுந்து நிற்கச் சொல்லி, வேதத்தில் சொன்னபடி தொண்ணூற்றொன்பதை விட்டுக் காணாமல்போன ஒன்றுக்காக மழையில் போன ஆயனைப் பாருங்கள் என்றார். ஊரே உங்களைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போவது என்று முடிவு கட்டினேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஆட்டுக்காக நீங்கள் உயிரையே கொடுப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆடும் நானும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாரை விட்டுவிட்டு யாரிடம் வருவீர்கள்? பதில் எழுதுங்கள். அது சரியாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். இல்லாவிட்டால் தாடி வளர்த்துக்கொண்டு அங்கேயே இருங்கள்.

பிள்ளை நலம். உங்களைப்போலவே காது.

ரோசம்மாள்


பாகூர்,
16 மார்ச் 1934

சேசு மரி சூசை துணை.

ரோசா, உன் கேள்வியில் என்ன இருக்கிறது, இரண்டையும் பார்த்துக்கொள்வேன். அதைப் பிறகு பேசுவோம். இங்கே பெரிய கலாட்டா நடந்துவிட்டது.

நேற்று ஒத்திகை. வெள்ளை வேட்டி கட்டி, சுழிக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, படத்தில் இருக்கிறபடி முன்னால் நடந்தேன். சாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வந்தார். கொஞ்ச தூரம் கம்பீரமாகப் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் ஒரு ஆடுகூட இல்லை. எல்லாம் நின்ற இடத்திலேயே நின்று என்னை வேடிக்கை பார்க்கின்றன. திரும்பிப் போய்த் துரட்டிக் கோலால் தட்டினேன், நகர்ந்தன. முன்னால் வந்தேன், நின்றுவிட்டன.

ஆட்டைப் பின்னால் இருந்து ஓட்டுவதுதான் எங்கள் வழக்கம், முன்னால் நடந்தால் எது வரும் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயன் முன்னால் போவான், ஆடுகள் அவன் குரலை அறிந்து பின்னால் வரும் என்று வேதத்திலேயே இருக்கிறதாம். பாகூர் ஆட்டுக்கு வேதம் தெரியாது சாமி என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்போது வேலம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். "இன்னா நீ, ரோசா இல்லாம இதுங்க எங்க நவுரும்?"

எனக்குப் பளிச்சென்றது. கஞ்சிக் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்போதும் நீதானே முன்னால் போவாய். நீ ஏதோ கூப்பிட்டுக்கொண்டே போவாய், ஆடுகள் உன் பின்னால் வரும், நான் கடைசியில் துரட்டியை வீசிக்கொண்டு வருவேன். நான்தான் ஓட்டுகிறேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் என்னத்தை ஓட்டினேன்? சாமியார் சொன்ன வேதம் நம் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நேற்று முழுதும் இதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

நீ எப்படிக் கூப்பிடுவாய் என்பதை உடனே எழுதி அனுப்பு. பக்கிரி வண்டி வியாழன்தோறும் வில்லியனூரிலிருந்து திரும்புகிறது, அவன் கையில் கொடு, தபாலைவிடச் சீக்கிரம் வரும்.

பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்ததாகச் சொல்.

சூசைநாதன்


வில்லியனூர்,
22 மார்ச் 1934

சேசு மரி சூசை துணை.

மாமா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து அழுதுவிட்டான்.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து முன்னால் நடந்து என் கால்தான் தேய்ந்தது. உங்கள் ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது, வேலம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த உங்களுக்கு மட்டும் என் முதுகு தெரியவில்லை. இனிமேல் சாமியார் பிரசங்கத்தில் யாரை எழுந்து நிற்கச் சொல்வார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கூப்பிடுவதை எப்படி எழுதுவது? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு தரம் சொடுக்குவேன். அப்புறம் ஒரு இழுப்பு, அதற்கு எழுத்து கிடையாது. மடியில் கருவேலங்காய் வைத்துக் குலுக்குவேன். நீங்களும் குலுக்கிப் பாருங்கள், காய்க்காகவாவது வரும். எனக்கு வந்ததுபோல வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் பார்த்துக்கொள்வேன் என்பது பதில் இல்லை. ஐப்பசியிலும் அதைத்தான் சொன்னீர்கள்.

ரோசம்மாள்


பாகூர்,
3 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை துணை.

பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள் ரோசா. இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன். வேலம்மாள் வீட்டு நாய் வந்தது. கருவேலங்காயைக் குலுக்கினேன். ஆடுகள் வந்தன, தின்றன, தீர்ந்ததும் திரும்பிப் போய்விட்டன. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் வாசனை இருந்தால் வருமோ என்று, கொடியில் கிடந்த உன் பழைய ஊதாச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முக்காடும் போட்டுக்கொண்டேன். இடுப்பில் கலயம். தாடியை முந்தானையால் மறைத்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்தேன்.

வெள்ளைக்காலி மட்டும் ஆசையோடு ஓடி வந்தாள். கிட்டத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், நீ பார்க்கிற அதே பார்வை. திரும்பிப் போய்விட்டாள். நிமிர்ந்தால் எதிரே சாமியார் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நாற்றங்காலுக்குப் போகிற ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். சாமியார் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் இப்போது என்னை எல்லாரும் ரோசம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போகட்டும், எனக்கு வெட்கமே இல்லை.

சாமியாரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெண்பிள்ளை ஆயனாக நடப்பது முறை இல்லை என்கிறார். ஆனால் நீ ஓரமாக நின்று கூப்பிட்டால் போதுமாம், நான் குட்டியோடு முன்னால் நடந்துகொள்வேன். உன்னால்தான் இது நடக்கும். வந்துவிடு ரோசா.

சூசைநாதன்


வில்லியனூர்,
7 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை துணை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தரம். அந்தச் சேலையில் உங்களைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அம்மா மட்டுமல்ல, நானும் ஏங்கிப்போனேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

கடைசிப் பத்தியைப் படித்ததும் மூட்டையை அவிழ்த்துவிட்டேன். நான் ஓரமாக நின்று கூப்பிடவேண்டும், நீங்கள் நடுவில் நடந்து பேர் வாங்கவேண்டும், அப்படித்தானே? மாட்டேன். மறுபடியும் கடைசி வரிசையில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ரோசம்மாள்


வில்லியனூர்,
12 ஏப்ரல் 1934, வியாழன்

மாமா,

பிள்ளைக்கு நேற்றிலிருந்து உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்க மாட்டேன் என்கிறான். வைத்தியர் கஷாயம் கொடுத்திருக்கிறார். மாதா கோயில் தண்ணீர் தெளித்திருக்கிறோம்.

வரவேண்டும் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் திருநாள் இருக்கிறது. தகப்பனுக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதினேன்.

ரோ.


வில்லியனூர்,
15 ஏப்ரல் 1934, ஞாயிறு காலை

சேசு மரி சூசை துணை.

ரோசா, இந்தக் கடிதத்தை நான் உன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீ என் வீட்டில் உட்கார்ந்து படிக்கப்போகிறாய். இப்படியும் ஒரு புருஷன் பெண்சாதி உண்டா?

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சித்திரைப் பிறப்பு என்று பக்கிரி வண்டியை அவிழ்த்துவிட்டு மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். உன் கடிதம் சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்குத்தான் என் கைக்கு வந்தது. அவனை ஏசிவிட்டு நேரே பண்ணையாரிடம் ஓடினேன். கிடையில் ஈன்ற ஆடுகள் இருக்கின்றன, நரி சுற்றுகிறது, இந்த நிலையில் ஒரு இராத்திரி கிடையை விட்டால் என் கதி என்ன என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். "போறதுன்னா தொரட்டிய வச்சிட்டுப் போ. திரும்ப வந்து கேக்காத" என்றார். துரட்டியை அவர் வாசல் தூணில் சாய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சாமியாரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. ஆடுகள் கத்தியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

கடலூர் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக மனம் கேட்கவில்லை. குறுக்கே வயல் வழியாக ஓடினேன். இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் மண்தான் என்றாலும் வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை கொஞ்ச தூரம் வருகிறதல்லவா, அங்கே சுங்கக்காரன் ஒருவன் துரத்திப் பிடித்துவிட்டான். இந்த ஓட்டம் ஓடுகிறவன் சரக்கு கடத்தாமல் வேறு என்ன செய்வான் என்று மடியை அவிழ்க்கச் சொன்னான். மடியில் உன் கடிதம்தான் இருந்தது. வாங்கிப் படித்தான்.

"வரணும்னு எழுதலன்னுதானே இதுல இருக்குது, அப்புறம் ஏன்யா இந்த ஓட்டம் ஓடற?"

"அதனாலதான் ஓடறேன்" என்றேன்.

அவன் தன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, குறுக்கு வழியும் காட்டிவிட்டான். அந்தக் குறுக்கு வழியில்தான் கருவேல முள் ஏறியது. ஏறின முள்ளோடு ஓடி வந்ததில் காலடி முழுதும் வீங்கிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் உங்கள் தெரு முனைக்கு வந்தேன். வாசலில் உன் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை இல்லை, நீயும் இல்லை. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்து, "அவ ஒன்னாண்ட போறன்னு மத்தியானமே பஸ் ஏறிட்டா, நீ இங்க வந்து நிக்கற" என்றார். பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையே வேர்த்துச் சூடு இறங்கிவிட்டதாம், பால் குடித்தானாம், சிரித்தானாம். நான் அழுதேன் ரோசா. அத்தையும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என்னை இவ்வளவு அன்பாகத் திட்டி நான் கேட்டதே இல்லை.

நீ பஸ்ஸில் தவளக்குப்பம் வழியாகப் போயிருக்கிறாய், நான் வயலில் வந்திருக்கிறேன். இப்போது கோயில் மணி அடிக்கிறது. பாகூரிலும் அடித்திருக்கும். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, ஊன்றினால் அத்தை விடவும் மாட்டார். வெற்றிலைக்கார நாகராஜன் பாகூர்ப் பக்கம் போகிறார், இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிடை போய்விட்டது ரோசா. இனி நமக்கு ஆடு இல்லை, குட்டியில் பங்கும் இல்லை. என்ன செய்து பிழைப்பது என்று தெரியவில்லை. அது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவும் இல்லை. பிள்ளையைப் பார்க்கவேண்டும். உன்னைப் பார்க்கவேண்டும்.

சூசைநாதன்


பாகூர்,
16 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை துணை.

மாமா, உங்கள் கடிதம் வந்தது. முள்ளை முழுதாக எடுத்தாயிற்றா? எருக்கம்பால் வைக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியும். பிள்ளை என் மடியில் படுத்துக்கொண்டு இந்தத் தாளைப் பிடித்து இழுக்கிறான், எழுத்து கோணினால் அவனைக் கேளுங்கள்.

உங்களை வரவேண்டும் என்று எழுதவில்லை, சரிதான். ஆனால் எழுதிக் கொடுத்தனுப்பிய நேரத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. வரமாட்டார், ஆடு அவரைப் பிடித்து வைத்திருக்கும் என்று அழுதேன். பிள்ளைக்குச் சூடு இறங்கினதும் எனக்கும் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. பக்கிரி சோற்றுக்கு உட்கார்ந்தது எனக்கு எப்படித் தெரியும்? என் சேலையைக் கட்டிக்கொண்டு ஊர் சிரிக்க நின்ற மனிதர், ஞாயிற்றுக்கிழமை நகராத ஆடுகளோடு மறுபடியும் சிரிப்புக்கு இடமாகப் போகிறாரே என்று நினைத்தேன். ஓரமாக நின்றால் என்ன குறைந்துவிடும், அவருக்காக நிற்போம் என்று பஸ் ஏறிவிட்டேன். உங்கள் பதில் வராமலே வந்தேன், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் கதவு சாத்திக் கிடக்கிறது. கிழக்கு வயலில் கிடை கத்துகிறது, நீங்கள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். மறுபடியும் எந்த ஆட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறீர்களோ என்று, இருக்கிற வசவையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வேலம்மாள் வந்து என் வாயைப் பொத்தினாள். துரட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்க்க நீங்கள் ஓடிய கதையைச் சொன்னாள். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய் விளக்கு ஏற்றவும் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் கிடைக்குப் போனேன். பண்ணையார் இரண்டு ஆளை விட்டு ஆடுகளைக் கோயிலுக்கு ஓட்டிப் பார்க்கிறார். அவர்கள் அடித்த அடியில் மந்தை நாலாப் பக்கமும் சிதறிப்போயிருந்தது. சாமியார் கையில் படத்தோடு வெயிலில் நிற்கிறார். நான் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல், நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். முதலில் வெள்ளைக்காலி வந்தாள். அவள் வந்ததும் எல்லாம் வந்துவிட்டன மாமா. ஓடி வந்து என் காலைச் சுற்றி மொய்த்துக்கொண்டன. நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை, மணிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. பிள்ளை என் தோளில் இருந்து பின்னால் வருகிற ஆடுகளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்தான். ஓரமாகப் போ என்று என்னை யாரும் சொல்லவில்லை. சாமியாரும் குடையை மடக்கிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் வந்தார்.

இனிமேல்தான் விஷயம். பூசையில் சுவிசேஷம் வாசித்தார்கள். அதில் ஆயனைப் பற்றி மட்டும் வரவில்லை, கூலியாள் ஒருவனும் வருகிறான். ஆபத்து வந்தால் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிப்போகிறவன். சாமியார் பிரசங்கத்தில் ஆயனை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு அந்தக் கூலியாளைப் பிடித்துக்கொண்டார். அவர் மனதில் இருந்த வருத்தம் அப்படி. நம் நடுவிலேயே ஒருவன் இருந்தான், அவனை நல்ல ஆயன் என்று நானே இந்த இடத்தில் நிறுத்திப் புகழ்ந்தேன், அவன் நேற்றுக் கிடையை நரிக்கு விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றார். உங்கள் பேரையும் சொன்னார்.

நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையோடு எழுந்து நின்றேன். கோயிலுக்குள் பெண்பிள்ளை வாய் திறந்து நம் ஊரில் யாரும் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் பீடம்வரை கேட்கிறமாதிரி சொன்னேன்.

"சாமி, அவரு வுட்டுட்டு ஓடல. காணாமப்போன ஒண்ணத் தேடிக்கினு போயிருக்காரு. அந்த ஒண்ணு நாந்தான்."

வெளியே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. சாமியார் என்னையே பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோனது. பிரசங்கத்தை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பி விசுவாச மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். பூசை முடிந்ததும் வெளியே வந்து முதலில் பிள்ளையை மந்திரித்தார், பிறகுதான் ஆடுகளை. உங்களைப் புகழ்ந்த அன்றும் தப்பாகிவிட்டது, ஏசிய அன்றும் தப்பாகிவிட்டது, பாவம், அவருக்கு நம் வீட்டால் ஒரு பிரசங்கமும் சரியாக வாய்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்தது தெரிந்து, கால் எப்படி இருக்கிறது என்று இன்று காலை ஆள் விட்டுக் கேட்டார்.

பண்ணையார் மேட்டில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆட்களால் நகர்த்த முடியாததை நான் நகர்த்தினேன் அல்லவா? கிடை இனி என் பொறுப்பாம், உங்களைக் கடைசியில் துரட்டியோடு வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் என் இஷ்டமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தாடியை மழித்தால் வைத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை பக்கிரி வண்டி வில்லியனூர் வருகிறது. அதில் வைக்கோல் பரப்பிக்கொண்டு நானும் பிள்ளையும் வருகிறோம். கிடையை வேலம்மாளின் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், ஆடு ஒன்றிரண்டு அலைந்தாலும் அலையட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலை ஊன்றிக்கொண்டு பாதி வழி வந்து நிற்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருங்கள் மாமா, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள்
ரோசா